சாரல் ஊரில் கண்ணாடிக் கட்டடங்கள்

குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்குபவர் கட்டிலுக்கும் மெத்தைக்கும் மட்டும் பணம் கொடுப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே கொண்டுவரும் சாரலுக்கும், பேரருவியின் இரைச்சலுக்கும், மலையிலிருந்து இறங்கும் குளிர்ச்சிக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார். அருவி வறண்ட மாதத்தில் அதே அறை பாதி வாடகைக்கும் போகாமல் கிடப்பதே இதற்குச் சான்று. அந்த ஊரின் வணிகர்கள் அனைவரும், விடுதி உரிமையாளர் முதல் நேந்திரங்காய் வற்றல் விற்பவர் வரை, முதல் போடாமல் பெற்ற ஒரு பொதுச் சொத்தை நம்பித் தொழில் நடத்துகிறார்கள். அந்தச் சொத்து சுற்றுச்சூழல்.

ஆகவே, சுற்றுச்சூழலுக்கு இசைவான வணிகக் கட்டடங்கள் இலாபம் தருமா என்ற கேள்வியை ஆராய இந்தியாவில் இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. பெருநகரங்களில் இக்கேள்விக்கு மின்சாரச் சிக்கனம், வாடகை உயர்வு என்ற அளவில் விடை சொல்லிவிடலாம். தென்காசியிலும் குற்றாலத்திலும் அந்த விடை போதாது. இங்கே கட்டடம் கெடுத்தால், கட்டடத்தின் வருவாயே கெடும்.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. மாவட்டத் தலைநகர் என்ற தகுதி வந்ததும் அலுவலகங்கள், மருத்துவமனைகள், திருமண மண்டபங்கள், துணிக்கடைகள், வணிக வளாகங்கள் ஆகியவற்றின் தேவை பெருகியது. நெல்லை - தென்காசி நான்குவழிச் சாலையின் இருபுறமும், ஆலங்குளம், பாவூர்சத்திரம் தொடங்கிக் குற்றாலம் வரை, புதிய கட்டடங்கள் எழுகின்றன. அவற்றுள் பலவற்றின் முகப்பைப் பார்த்தால் சென்னை அண்ணா சாலைக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. மேற்கு வெயிலை நேராக வாங்கும் கண்ணாடிச் சுவர், அதைச் சுற்றி ஏசிபி தகடு, திறக்க முடியாத சன்னல், மேலே வெறும் கான்கிரீட் தளம். காற்றுக்குப் பெயர்போன ஊரில் காற்று நுழைய வழியற்ற கட்டடங்களைக் கட்டிவிட்டு, உள்ளே காற்றைக் குளிரவைக்க மின்சாரம் வாங்குகிறோம். இதை வளர்ச்சி என்று சொல்லிக்கொள்ளலாம். சிக்கனம் என்று சொல்ல முடியாது.

மின்கட்டணம் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் மின்கட்டணம் பெரிய அளவில் திருத்தப்பட்டது. அதன்பின் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் விலைவாசிக் குறியீட்டையொட்டி உயர்த்தும் முறை வந்துவிட்டது. 2023-இல் 2.18 விழுக்காடு, 2024-இல் 4.83 விழுக்காடு, 2025-இல் 3.16 விழுக்காடு. வீட்டு இணைப்புகளுக்குச் சில ஆண்டுகளில் அரசு மானியம் கொடுத்து உயர்வைத் தாங்கிக்கொண்டது. வணிக இணைப்புகளுக்கு அந்தச் சலுகை இல்லை. இன்று தாழ்வழுத்த வணிக இணைப்பில் யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 10 ரூபாய் ஆகிறது. குற்றாலத்தின் சீசன் தொடங்கும் காலமும் கட்டணம் உயரும் காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பது விடுதிக்காரர்களுக்குத் தெரிந்த செய்திதான்.

இதைவிட முக்கியமானது நிலைக்கட்டணம். இணைப்புத் திறன் எத்தனை கிலோவாட்டோ, அதற்கேற்ப மாதந்தோறும் செலுத்த வேண்டிய தொகை இது. திறன் கூடக்கூட ஒரு கிலோவாட்டுக்கான விகிதமும் படிப்படியாகக் கூடும். அறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தாலும் இதைக் கட்டியே ஆகவேண்டும். ஆண்டில் நான்கைந்து மாதங்கள் மட்டுமே நிரம்பும் விடுதிக்கு இது பெரும் சுமை. முப்பது அறைகளிலும் குளிர்சாதனம் பொருத்தினால் அதற்கென்றே நாற்பது கிலோவாட்டுக்கு மேல் இணைப்புத் திறன் வாங்க வேண்டியிருக்கும். சரியான காற்றோட்டமும் வெப்பம் தாங்கும் கூரையும் கொண்ட கட்டடத்தில் பாதி அறைகளுக்குக் குளிர்சாதனமே வேண்டியதில்லை. அப்போது மிச்சமாவது சீசன் மாதங்களின் மின்சாரம் மட்டுமன்று. பன்னிரண்டு மாத நிலைக்கட்டணமும்தான். பசுமைக் கட்டடத்தின் இலாபத்தைக் கணக்கிடும்போது பலரும் காணத் தவறும் வரவு இது.

சீசன் ஊருக்கு வேறு கணக்கு

பசுமைக் கட்டடம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு மொட்டைமாடிச் சூரிய மின்தகடுகளே நினைவுக்கு வருகின்றன. குற்றாலத்தில் இதை நின்று யோசிக்க வேண்டும். இங்கே வருவாய் தரும் மாதங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அந்த மாதங்களில்தான் வானம் மூடிக் கிடக்கும். வெயில் கொளுத்தும் மாதங்களில் அறைகள் காலி. வணிக இணைப்பில் நாம் பயன்படுத்தாமல் மிஞ்சும் சூரிய மின்சாரத்தை மின்வாரியம் எடுத்துக்கொள்ளும் விலை, நாம் வாங்கும் மின்சாரத்தின் விலையைவிட மிகக் குறைவு. எனவே கூரை முழுவதும் தகடு பதித்து, கோடையில் மின்சாரம் விற்று இலாபம் பார்க்கலாம் என்று விற்பனையாளர் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. ஆண்டு முழுவதும் இயங்கும் தென்காசி நகரத்துத் துணிக்கடைக்கும் மருத்துவமனைக்கும் சூரிய மின்சாரம் மிகப் பொருத்தம். பகலில்தான் அவற்றின் மின்தேவையும் அதிகம். குற்றாலத்து விடுதிக்கோ, ஆள் இல்லாத காலத்திலும் தேவைப்படும் அடிப்படை அளவுக்கு மட்டும் போதும்.

வெந்நீரை எடுத்துக்கொள்வோம். அருவியில் குளித்துவிட்டு நடுங்கியபடி வரும் குடும்பத்துக்கு வெந்நீர் கட்டாயம் வேண்டும். நூறு லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 50 பாகை செல்சியஸ் வரை சூடாக்க ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம் செலவாகும். அறைக்கு நூறு லிட்டர் வீதம் முப்பது அறைகளுக்கு நாளொன்றுக்கு 90 யூனிட், 900 ரூபாய். சீசனில் சூரிய வெந்நீர்க் கலன் முழுப் பயன் தராது. ஆனால், காற்றிலிருக்கும் வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப், கீசரின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டே அதே வேலையைச் செய்துவிடும். நாளொன்றுக்கு 600 ரூபாய் மிச்சம். அறைகள் நிரம்பிய நூறு நாட்களுக்கு 60,000 ரூபாய். ஆடம்பரமான பெயர்ப்பலகை எதுவும் இன்றி, அடித்தளத்தில் சத்தமில்லாமல் நடக்கும் சேமிப்பு இது.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று சாரலை மட்டும் கொண்டுவருவதில்லை. கயத்தாறு, சுரண்டை, ஆலங்குளம் வட்டாரங்களில் நிற்கும் காற்றாலைகளையும் அதே காற்றுதான் சுழற்றுகிறது. குற்றாலத்தில் கூட்டம் நிரம்பும் மாதங்களும், தமிழ்நாட்டின் காற்றாலை மின்சாரம் உச்சம் தொடும் மாதங்களும் ஒன்றே. ஆகவே, சீசன் காலத்தில் இங்குள்ள விடுதிகளின் கவலை மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, எவ்வளவு வீணாகிறது என்பதாகவே இருக்க வேண்டும்.

சிறு செலவுகளின் கணக்கும் கவனத்துக்குரியது. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் நின்றுவிடும். நாளில் பத்து மணி நேரம் ஓடினால் நாலரை ரூபாய் மிச்சம். விலை வேறுபாடு 1,500 ரூபாய் என்றாலும் 330 நாட்களில் முதல் திரும்பிவிடும். ஆண்டுக்கு 150 நாட்கள் ஆள் தங்கும் அறையில் இதற்கு இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம் ஆகும். ஆண்டு முழுவதும் இயங்கும் மருத்துவமனையிலோ ஓராண்டுகூட ஆகாது. குளிர்சாதனத்தின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்கிறது ஆற்றல் திறன் பணியகம். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியிட்ட குளிர்சாதனங்கள் 24 பாகையில் தொடங்குமாறு அமைக்கப்படுவது இதனால்தான். இதற்கு முதலீடே தேவையில்லை.

செய்து பார்த்தவர்கள்

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஹைதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையத்தை 2004 ஜூலையில் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். அமெரிக்காவுக்கு வெளியே ‘லீட்’ பிளாட்டினம் தரம் பெற்ற முதல் கட்டடம் அது. நடுமுற்றம், துளையிட்ட சாளரச் சுவர், கூரைத் தோட்டம் என்று அதிலிருந்த சிறப்புகளில் பாதி, நம் பாட்டன்மார் அறிந்தவையே.

அதே ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் ஒரு சோதனை செய்தது. ஒரே கட்டடத்தின் ஒரு பாதிக்கு வழக்கமான குளிர்சாதனத்தையும், மறுபாதிக்குத் தளத்தினுள் பதித்த குழாய்களில் குளிர்நீரைச் செலுத்தும் முறையையும் அமைத்தது. இரண்டாவது பாதி, குளிரூட்டுவதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தைக் குறைவாகச் செலவிட்டது. அமைக்கும் செலவும் கூடுதலாகவில்லை. பசுமை என்றாலே கூடுதல் செலவு என்ற நம்பிக்கையை, இரு பாதிகளையும் அருகருகே வைத்து அளந்து பார்த்த அந்தக் கட்டடம் உடைத்தது.

பழைய கட்டடங்களுக்கும் இதில் இடமுண்டு. 1931-இல் கட்டப்பட்ட நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 2009-இல் புதுப்பிக்கப்படத் தொடங்கியபோது, அதன் 6,514 சன்னல்களையும் தூக்கியெறியாமல் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கழற்றிச் சீராக்கி மீண்டும் பொருத்தினார்கள். ஆற்றல் செலவில் 38 விழுக்காடு, ஆண்டுக்கு 44 இலட்சம் டாலர் மிச்சமாகும் என்று மதிப்பிடப்பட்டது. இடித்துக் கட்டுவதே முன்னேற்றம் என்று எண்ணும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது. குற்றாலத்தில் பல பத்தாண்டுகளாக நிற்கும் விடுதிகளை இடிக்காமலே திருத்த முடியும்.

கோபுர வாயிலின் காற்று

தென்காசி காசிவிசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலில் நுழைபவர்கள் அங்கு வீசும் காற்றை மறப்பதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில் அது. கோபுரம் 1924-இல் தீக்கிரையாகி, 1990-இல் மீண்டும் எழுந்து நிற்கிறது. ஊருக்குள் காற்று எத்திசையில் வரும், எந்த இடைவெளியில் நுழைந்தால் விசை கூடும் என்பது இவ்வட்டாரத்தில் புதிதாகக் கற்க வேண்டிய கலை அன்று.

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்துப் பழைய வீடுகளில் சரிந்த ஓட்டுக்கூரையும் நீண்ட தாழ்வாரமும் இருப்பதற்குக் காரணம் உண்டு. இங்குள்ள தட்பவெப்பம் இருவேறு சோதனைகளை வைக்கிறது. பங்குனி, சித்திரையில் கடும் வெயில். ஆனி, ஆடியில் ஓயாத ஈரம். சமதளக் கான்கிரீட் கூரை வெயிலை உள்ளிழுத்து இரவிலும் கக்கும். கண்ணாடி மூடிய அறை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சீசனில் தங்கியவர்களுக்குத் தெரியும், பல அறைகளில் கதவைத் திறந்ததும் முதலில் வருவது பூஞ்சை வாடை. அதை மறைக்க நறுமணத் தெளிப்பு. சுவரில் படியும் கறுப்பை மறைக்க ஆண்டுதோறும் வெள்ளையடிப்பு. துணி காயாததற்கு மின்சார உலர்த்தி. எதிரெதிர்ச் சுவர்களில் திறக்கக்கூடிய சன்னலும், சாரல் உள்ளே அடிக்காதபடி நீண்ட இறவாரமும் இருந்தால் இந்தச் செலவுகளில் பெரும்பகுதி தேவைப்படாது. விருந்தினர் சன்னலைத் திறந்து சாரல் ஓசையைக் கேட்கவும் முடியும். அதற்காகத்தானே வந்தார்?

கட்டுமானப் பொருள்களிலும் தேர்வு நம் கையில் இருக்கிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் சாம்பலில் செய்த செங்கல் கைக்கெட்டும் தொலைவில் கிடைக்கிறது. மறுபுறம், எம்.சாண்டும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் புளியரை வழியே கேரளத்துக்குச் செல்வதைப் பற்றி இம்மாவட்டத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகிறார்கள். மலை கரைவதைப் பற்றிக் கவலைப்படும் நாம், நம் கட்டடங்களுக்கு எவ்வளவு கான்கிரீட் உண்மையிலேயே வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வது நியாயம்.

அருவியில் தடை, குளியலறையில்?

நீர்தான் இந்த ஊரின் உயிர்நாடி. நீதிமன்ற உத்தரவின்படி குற்றாலம் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை உள்ளது. நல்ல தடை. ஆனால், அருவிக்கு நேர் கீழே சோப்புப் போட்டால் குற்றம். சற்றுத் தள்ளியுள்ள விடுதியின் குளியலறையில் போட்ட சோப்பு, சுத்திகரிக்கப்படாமல் ஓடை வழியே அதே சிற்றாற்றில் கலந்தால் அதைக் கேட்பார் குறைவு. சிற்றாறு தென்காசி வயல்களையும் குளங்களையும் கடந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. மேலே விடுவது கீழே குடிநீராகிறது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு விடுதிகளுக்குப் படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர் என்று கணக்கிடுகிறது. முப்பது அறைகளில் அறைக்கு நால்வர் தங்கினால் 21,600 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 17,000 லிட்டருக்கு மேல் கழிவுநீராக வெளியேறும். இப்படி நூறு விடுதிகள் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 17 இலட்சம் லிட்டர். அருவியின் அழகைப் பார்க்க வந்தவர்கள் தம்மையறியாமல் ஆற்றுக்கு விட்டுச்செல்லும் பரிசு அது.

இதற்கும் சீசன் ஊருக்கேற்ற தீர்வு வேண்டும். இயந்திரச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவை உண்டு வாழும் நுண்ணுயிரிகளுக்கு அன்றாடம் தீனி தேவை. எட்டு மாதம் வெறுமையாகக் கிடந்து ஜூனில் திடீரென நிரம்பும் விடுதியில் அவை சரிவர இயங்குவது கடினம். கல்வாழை, நாணல் போன்றவற்றை வளர்த்த சரளைப் படுகை வழியே குளியலறை நீரை வடியவிடும் முறை, குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். மின்சாரமும் அதிகம் கேட்காது. அப்படித் தெளிந்த நீரைக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் திருப்பினால், கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் செலவு குறையும். குழாய்முனையில் சில நூறு ரூபாய் விலையுள்ள காற்றுக் கலப்பான் பொருத்தினாலே கைகழுவும் நீர் பாதிக்குமேல் மிச்சமாகும். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003-இல் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. சாரல் கொட்டும் ஊரில் கூரைநீர் சாக்கடைக்குப் போவது அந்தப் பெருமைக்குப் பொருந்தாது.

பசுமை என்ற பெயரில் நடக்கும் பாசாங்கையும் மறைக்கக் கூடாது. இயற்கை நீரோட்டங்களைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்துக்கொண்ட தனியார் விடுதிகள் பற்றிய வழக்கில், 2022 இறுதியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கடுமை காட்டி, ஆய்வுக்கும் நடவடிக்கைக்கும் உத்தரவிட்டது. மலையின் நீரை மறித்து வளாகத்துக்குள் கொட்டவைத்துவிட்டு, வாயிலில் ‘இயற்கை விடுதி’ என்று எழுதிவைப்பது வணிகமாகலாம். பொதுச் சொத்தை எடுத்துத் தனிக் கட்டணம் வாங்குவதற்கு வேறு பெயரும் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுசென்றது. மலைநீர் எப்போது எப்படி வரும் என்பதை நம்மால் ஆள முடியாது. ஓடைகளின் பாதையை அதற்கே விட்டுவைப்பதுதான் அங்கு கட்டடம் கட்டுபவர்களின் முதல் கடமை.

மத்தளம்பாறை சொல்வது

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் தொடங்கியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-இல் இங்கேயே குடிவந்தார். உலகெங்கும் விற்கப்படும் ‘ஸோஹோ டெஸ்க்’ மென்பொருள் இந்த மலையடிவாரத்தில் உருவானது. மென்பொருள் நிறுவனத்தை இங்கே நிலைக்கச் செய்தது கண்ணாடி மாளிகை அன்று. நெரிசலற்ற சாலை, தூய காற்று, வேலைக்காகச் சொந்த ஊரை விட்டுப் போக வேண்டியிராத இளைஞர்கள் ஆகியவை ஒரு நிறுவனத்துக்கு முதலீடாக மாற முடியும் என்பதை அது காட்டியது.

இதைப் பின்பற்றி வேறு நிறுவனங்களும் வரவேண்டும் என்றே தென்காசி விரும்புகிறது. அவ்வாறு வருபவர்கள் கட்டடத்தின் தரத்தைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள், தம் ஆற்றல், நீர், கழிவு, கரிமவெளியீடு பற்றி அறிக்கை தரவேண்டும் என்று ‘செபி’ 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கியுள்ளது. வாடகைக்கு எடுக்கும் கட்டடத்தின் மின்சாரமும் அந்தக் கணக்கில் ஏறும். நாளை ஒரு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ தென்காசியில் தளம் தேடும்போது, மின்செலவு குறைந்த கட்டடத்துக்கே முன்னுரிமை கிடைக்கும். இன்று அதைப் பொருட்படுத்தாமல் கட்டுபவர், முப்பது ஆண்டுகளுக்கு வாடகைச் சந்தையில் பின்தங்கிய கட்டடம் ஒன்றைத் தம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வார்.

சட்டத்தின் சல்லடை

இவ்வளவு பயன் இருந்தும் ஏன் நடக்கவில்லை? சட்டங்களின் கண்ணி பெரிது, இங்குள்ள கட்டடங்கள் சிறியவை என்பது என் முதல் விடை. ஆற்றல் சிக்கனக் கட்டட விதிகள் 100 கிலோவாட் இணைப்புத் திறனுக்கு மேற்பட்ட கட்டடங்களையே குறிவைக்கின்றன. சுற்றுச்சூழல் முன் அனுமதி 20,000 சதுர மீட்டர் பரப்புக்கு மேல்தான் தேவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் 56,800 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தைச் சூழல் உணர்வு மண்டலமாக அறிவிக்க ஒன்றிய அரசு 2024 ஜூலை 31 அன்று வெளியிட்ட வரைவும் 20,000 சதுர மீட்டர் என்ற அளவையே கட்டடங்களுக்கு வைக்கிறது. வயநாட்டு நிலச்சரிவுக்கு மறுநாள் வந்த வரைவு அது. குற்றாலத்து விடுதிகளும் தென்காசி வளாகங்களும் பெரும்பாலும் இந்தச் சல்லடைகளின் அடியில் நழுவிவிடக்கூடிய அளவினவே. தனித்தனியே எடுத்தால் எதுவும் பெரிதில்லை. சேர்த்துப் பார்த்தால் ஒரு மலையடிவாரம் முழுவதும் நிரம்பியிருக்கிறது.

இரண்டாவது விடை, செலவு ஒருவருக்கும் பயன் மற்றொருவருக்குமாகப் பிரிந்திருப்பது. வளாகத்தைக் கட்டுபவர் ஒருவர்; மின்கட்டணம் செலுத்துபவர் வாடகைக்கு வந்த கடைக்காரர். கூரைக்கு வெப்பத்தடுப்பு ஓடு பதிக்க உரிமையாளருக்கு என்ன அவசரம்? விடுதியைச் சீசனுக்குக் குத்தகைக்கு எடுத்தவர், நான்கு மாதம் கழித்துத் தமக்கு உரியதல்லாத கட்டடத்தில் ஏன் ஹீட் பம்ப் பொருத்துவார்? அறிவுரையால் இந்த முடிச்சு அவிழாது. ஒப்பந்தத்தாலும் ஊக்கத்தாலும்தான் அவிழும்.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. 2022-இல் திருத்தப்பட்ட ஆற்றல் சேமிப்புச் சட்டம், 100 கிலோவாட் என்ற வரம்பைக் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. மலையடிவாரச் சுற்றுலா ஊர்களுக்கு மட்டுமாவது தமிழ்நாடு அரசு அதைப் பயன்படுத்தலாம். கட்டட அனுமதி வழங்கும்போது உள்ளாட்சி அமைப்புகள் பத்துக் கேள்விகள் கொண்ட எளிய பட்டியலை வைக்கலாம்: எதிர்ச்சுவரில் சன்னல் உண்டா, மேற்குக் கண்ணாடிக்கு நிழல் உண்டா, குளியலறை நீருக்குத் தனிக் குழாய் உண்டா என்பன போல. கட்டும்போது போடும் தனிக் குழாய்க்கு ஆகும் செலவு சொற்பம். கட்டிய பின் சுவரை உடைத்துப் போடுவதுதான் பெருஞ்செலவு. பட்டியலை நிறைவுசெய்தவர்களுக்குச் சொத்துவரியில் சில ஆண்டுகள் சலுகை தரலாம். பல விடுதிகளுக்குப் பொதுவான கழிவுநீர்ப் படுகை அமைக்கப் பேரூராட்சி இடம் ஒதுக்கலாம். ஆண்டுதோறும் நடக்கும் சாரல் திருவிழாவில் கலைநிகழ்ச்சிகளோடு, நீரையும் மின்சாரத்தையும் குறைவாகச் செலவிட்ட விடுதிகளின் பெயரையும் மேடையில் அறிவிக்கலாம். சுற்றுலாப் பயணிக்கு அதைவிட நம்பகமான விளம்பரம் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்பாக, புதிய மாவட்டத்துக்கென எழும் அரசுக் கட்டடங்கள் இவற்றைக் கடைப்பிடித்துக் காட்ட வேண்டும்.

சிறு விடுதிகள் இலட்சக்கணக்கில் செலவிட்டுப் பன்னாட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்களுக்கு அது வணிகத் தேவை. இருபது, முப்பது அறை கொண்டவர்களுக்குத் தேவை, மின்கட்டண அட்டையையும் தண்ணீர்க் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு எது வீணாகிறது என்று பார்க்கும் பழக்கமும், கூரை, சன்னல், குழாய் ஆகிய மூன்றையும் அறிந்த நல்ல கொத்தனாரும்தான்.

பேரருவியின் நீர் பொங்குமாங்கடலில் விழுந்து விசை தணிந்த பிறகே கீழே நிற்பவர்களின் தலையில் கொட்டுகிறது. அதனால்தான் அவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீரில் மனிதர் நின்று குளிக்க முடிகிறது. மலை நமக்குத் தந்திருக்கும் இந்த வசதியைப் போல எதையும் எந்த முதலீட்டாலும் கட்டியெழுப்ப முடியாது. குற்றாலத்தில் ஒரு விடுதி தவறு செய்தால் அதன் உரிமையாளர் உடனே நட்டப்படுவதில்லை. எல்லாரும் சேர்ந்து தவறு செய்து அருவியும் ஆறும் கெட்டால், நல்லவிதமாகக் கட்டியவரும் சேர்ந்தே கடையை மூட வேண்டியிருக்கும். அந்த நட்டத்துக்குக் காப்பீடு எதுவும் கிடையாது. அடுத்த சீசனுக்கு முன் கட்டடத்துக்கு வண்ணம் பூசத் திட்டமிடும் ஒவ்வோர் உரிமையாளரும், அந்தச் செலவில் ஒரு பகுதியைச் சன்னலுக்கும் குழாய்க்கும் ஒதுக்கட்டும். மின்கட்டணத்தில் அது திரும்பி வருகிறதா என்பதை ஓராண்டிலேயே அவர்களே கண்டுகொள்வார்கள்.